டயரில் வெட்டு: லொறி ஓடலாமா?

1977, 1983 கலவரங்களுக்குப் பின் வன்னிக்குப் போன நம் உறவுகள் பலர் இன்றும் அங்கேதான். மே 18 நினைவு நாளுக்கு, பரந்தனில் திரும்பி புதுக்குடியிருப்பு வழியாக முள்ளிவாய்க்கால் போகிறோம். வழியில் டயரில் வெட்டு தெரிந்தால், "சமாளிச்சுப் போயிடலாம்" என்பார் ஒருவர். போகலாமா?

வெட்டின் நீளத்தை விட அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். தரையில் படும் தடித்த ரப்பரில் மேலோட்டமாக இருந்தால், மெதுவாக ஓட்டி டயர் கடையில் காட்டலாம். உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தால் ஓடவே வேண்டாம். பக்கவாட்டில் கொழுக்கட்டை போல வீங்கியிருக்கிறதா? உள்நூல் அறுந்துபோச்சு, அந்த இடத்தில் காற்றை அடக்கி நிற்பது வெறும் ரப்பர்தான். ஒட்டுப் போட்டாலும் அறுந்த நூல் சேராது.

பின்பக்கம் இரட்டை டயர். ஒன்றில் காத்து இறங்கினால் அதன் பாரமும் பக்கத்து டயரின் தலையில். அது சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே உள் டயரையும் தட்டிப் பாருங்கள். கொஞ்சமாக இறங்கியது தட்டினால் தெரியாது, கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங்கையே இழுத்துவிடும். சந்தேகமான டயரை முன்னுக்குப் போடக் கூடாது.

ஸ்பெயர் டயரில் காத்து இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். டிரைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.