கதவு திறக்கவில்லையா, கள்வன் புகுந்தானா?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, கரமனையில் எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் போன் செய்தார். "சார், கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிட்டது. பாஸ்வேர்டை ஏற்கவே மாட்டேன் என்கிறது. கஸ்டமர் கேர் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். செல்போனில் ஏதோ ஒன்றை இறக்கச் சொல்கிறார்கள்" என்றார். "எதையும் இறக்காதீர்கள், இதோ வருகிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இறக்கச் சொன்னது, எங்கோ இருக்கும் ஒருவர் நம் போனைப் பார்க்கவும் இயக்கவும் வழி செய்யும் செயலி. அவருடைய பென்ஷன் வரும் வங்கிக் கணக்கும் அதே போனில்தான் இருந்தது!

கோளாறு என்ன தெரியுமா? நம் சங்க இதழுக்குக் கட்டுரை எழுதுவதற்காகத் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்திருக்கிறார். நுழைவுத் திரையின் கீழ் மூலையில் ஆங்கிலத்துக்குப் பதிலாகத் தமிழ் நின்றது. பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் படத்தை அழுத்தியதும் குட்டு வெளிப்பட்டது. மொழியை மாற்றினோம், திறந்துகொண்டது.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன். தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே இணைத்துவிடும். ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். ஜல்லியில் மழைநீர் தேங்கினாலும், இணைப்புக் கம்பி அறுந்தாலும் அதே சிவப்புதான். சிவப்பைக் கண்டு வண்டியை நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அங்கே இன்னொரு வண்டி நிற்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. பாஸ்வேர்டு ஏற்காததும் அவ்விதமே. கேப்ஸ் லாக், நம் லாக், மொழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். இடி மின்னல் காலத்தில் நம் ஊரில் பிளக்கைப் பிடுங்கி வைப்பது வழக்கம். மேசைக் கம்ப்யூட்டரில் அப்போது கடிகாரத்தை ஓட்டுவது காசு அளவுள்ள ஒரு பாட்டரி. அது தீர்ந்திருந்தால் தேதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். இணையத் தளங்களின் சான்றிதழுக்குத் தேதி வரம்பு உண்டாகையால், வங்கித் தளம்கூட 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டும். இதை வைரஸ் என்று எண்ணி ஃபார்மட் செய்து, பேரன் பேத்திகளின் படங்களை எல்லாம் இழந்தவரை அறிவேன். பாட்டரியை மாற்றியிருந்தால் போதும்.

உண்மையான தொற்று பெரும்பாலும் நம்மை வாசலில் நிறுத்துவதில்லை. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' அப்படித்தான். கேரளத்தில் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் கணக்கு, பணியாளர் பிரிவுகளிலும் அது புகுந்தது. ரயில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்பது ஆறுதல். கம்ப்யூட்டர் இயங்கும், ஆனால் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். திரையில் 300 டாலர் பிட்காயினாகக் கேட்டு அறிவிப்பு. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டை வழியே கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! விரிசல் என்று எழுதி வைத்த தண்டவாளத்தை இரண்டு மாதம் மாற்றாமல் விட்ட கதைதான். 2024 ஏப்ரலில் நம் ஊர் மண்டலப் புற்றுநோய் மையத்தின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டபோது கதிர்வீச்சுச் சிகிச்சையே தடைபட்டது.

கோப்புகளின் பெயர் மாறியிருந்தால், பணம் கேட்டால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்ற வசதி உண்டு. விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பதும் அகப்படும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-ஐ அழையுங்கள். முக்கியமானவற்றின் பிரதியை, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் தனி டிஸ்கில் வையுங்கள். மாட்டியே இருந்தால் அதுவும் பூட்டப்படும்.

ஆசிரியரிடம் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அவருடைய பழைய கம்ப்யூட்டர் 11-ஐ ஏற்குமா என்று ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஏற்காவிட்டால் லினக்ஸ் போட்டுவிடலாம். தமிழும் அதில் நன்றாகவே வருகிறது.