முகத்துவாரத்தைத் தாண்டும் முன்

படகு இன்னும் கரையில் இருக்கிறது. வலை திண்ணையில் குவிந்து கிடக்கிறது. ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. முதல் தொழிலுக்கு எதிலிருந்து தயாராவது? யாரைக் கேட்டாலும் இன்ஜினைப் பார், வலையைப் பார் என்பார்கள். பழவேற்காட்டில் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முகத்துவாரத்தைப் (ஏரி கடலோடு சேரும் வாய்) போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதற்குள் ஒரு சந்தேகம் வரும். ஃபைபர் படகுக்குத்தான் தடையே இல்லையே? உண்மைதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள், திருவள்ளூர் தொடங்கி கன்னியாகுமரி வரை, தமிழ்நாட்டில் தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும்தான். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரம் தொழில் செய்யலாம். பழவேற்காட்டில் இருப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகளே. ஆனால் ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆந்திரக் கடலில் இன்ஜின் பொருத்திய படகுகளுக்கும் அதே 61 நாள் தடை உண்டு. நம் பக்கம் சரியாக இருப்பது எல்லை தாண்டினால் குற்றமாகிவிடும். வலையைப் பறிகொடுத்த பிறகு சட்டம் பேசிப் பயனில்லை.

அப்படியானால் ஜூன் 15 நமக்கு ஏன் முக்கியம்? அன்று காசிமேட்டு விசைப்படகுகள் கடலில் இறங்குகின்றன. இரண்டு நாளில் சந்தையில் மீன் குவிந்து விலை இறங்கும். இரவில் நீங்கள் விட்டிருக்கும் வலை மேல் இழுவைப்படகு ஏறி அறுத்துவிடும் ஆபத்தும் அன்றிலிருந்து திரும்புகிறது. வலையின் இரு முனையிலும் கொடியும் விளக்கும் கட்டாமல் இரவுத் தொழிலுக்குப் போகாதீர்கள்.

இனி முகத்துவாரம். அது ஏன் அடைபடுகிறது? தென்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையோர மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மணலை வெளியே தள்ள ஏரிக்குள்ளிருந்து தண்ணீர் வேகமாக வர வேண்டும். ஆரணியாறும் காளங்கியும் கோடையில் வறண்டு கிடக்கும்போது அந்த வேகம் ஏது? மணல் மேடு கட்டுகிறது, வாய் குறுகுகிறது, சில வருடங்களில் முழுக்க மூடிக்கொள்கிறது. அப்போது ஏரிக்கரைக் குப்பங்களின் படகுகள் கடலுக்கே போக முடியாது. ஊர்க்காரர்கள் தாங்களே பணம் போட்டு இயந்திரம் வைத்து மணல் வெட்டிய வருடங்களும் உண்டு. வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க, இருபுறமும் கல் சுவர் கட்ட அரசு 26.85 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. ஆனால் சுவர் வந்தாலும் மணல் நகர்வது நிற்காது, சேரும் இடம்தான் மாறும். போன வருடம் போன வழி இந்த வருடம் இருக்கும் என்று நம்பிப் படகை விடுவது, என் கணக்கில், இந்தத் தொழிலின் மிகப் பெரிய அசட்டுத் துணிச்சல்.

போய் எதைப் பார்ப்பது? தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் போங்கள். மேடு எது, ஓடை எது என்று அப்போதுதான் தெரியும். அலை வெள்ளையாக உடையும் இடம் ஆழமில்லாதது. உடையாமல், நிறம் கறுத்து ஓடும் பட்டைதான் வழி. கரையில் இருக்கும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ அந்த வழிக்கு அடையாளமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கடலிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எந்த நேரத்தில் தாண்டுவது? தண்ணீர் ஏறும்போது, அல்லது ஏறி முடிந்து சற்று நிற்கும்போது. வற்றும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஏரித் தண்ணீர் கடலை நோக்கிப் பாய்கிறது, அலை எதிரே வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் அலை நெருக்கமாகி, செங்குத்தாக எழுந்து நிற்கும். வெளியே கடல் அமைதியாக இருந்தாலும் வாயில் படகு கவிழ்வது இதனால்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும், இழுப்பும் கூடும். அட்டமியை ஒட்டி இழுப்பு குறைவு. முதல் பயணத்துக்கு அந்த நாட்கள் நல்லவை. ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கிளம்பும் நேரத்தை மட்டும் பார்த்து, திரும்பும் நேரத்தை மறப்பவர்கள்தான் அதிகம்.

தாண்டும்போது அவசரம் வேண்டாம். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல வரும், பிறகு சற்றுத் தணியும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, மூக்கு அலைக்கு நேராக இருக்கும்படி ஓட்டுங்கள். உள்ளே வரும்போது ஓர் அலையின் முதுகிலேயே ஒட்டி வாருங்கள். அலையின் முகத்தில் சறுக்கினால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் மாதத்தில் பிற்பகல் நிலத்தின் மேல் கருமேகம் அடுக்கி நின்றால், மாலையில் மேற்கிலிருந்து இடியோடு வேகக் காற்று வரலாம். அது படகைக் கரையை விட்டு வெளியே தள்ளும் காற்று. மேகத்தைக் கண்டதும் வலையை வாங்கிவிடுங்கள். மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும் என்று வானிலை மையம் எச்சரித்தால் அன்று தொழில் இல்லை, அவ்வளவுதான்.

வானிலை தவிர இங்கே இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ராக்கெட் நாள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும்போது பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் தள்ளிப்போகும். ஐஸ் வாங்கி, டீசல் ஊற்றிய பிறகு இது தெரிந்தால் செலவு உங்களுடையது. முந்தின நாளே ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டுவிடுங்கள்.

இனிதான் படகு. வெயிலில் காய்ந்த ஃபைபரில் வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் தெரியாது. ஒரு நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை பொக்கையாக மாறும் இடத்தில் பழுது இருக்கிறது. ஈரம் முழுக்கக் காயாமல் அதன் மேல் ஒட்டுப் போட்டால் ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடும்.

இன்ஜினில் என்ன பார்ப்பது? அவுட்போர்டு இன்ஜினின் கியர் ஆயிலைச் சொட்டு விட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். இரண்டு மாதம் டாங்கியில் கிடந்த எரிபொருளைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டாங்கியின் அடியில் தேங்கும் தண்ணீர்தான் நடுக்கடலில் இன்ஜினை நிறுத்துவது. ஏரியோ பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லாதது. காற்றாடி மணலில் அடித்தால் சில இன்ஜின்களில் அதைப் பூட்டியிருக்கும் ‘பின்’ என்ற சிறு ஊசி உடையும். உடைய வேண்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள், கியர் தப்பிக்கும். அதனால் உதிரிப் பின் இரண்டும், அதைக் கழற்றும் கருவியும் படகிலேயே இருக்கட்டும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி ஒரு பங்கைத் தொடவே கூடாது.

வலை? நரம்பு வலை வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும். ஒரு கண்ணியை இரு கையால் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். சுலபமாக அறுந்தால் அந்தத் துண்டையே மாற்றுங்கள், பொத்தல் அடைப்பது வீண்வேலை. எலி கடித்த இடத்தையும் தேடுங்கள்.

கடலுக்கு அல்ல, ஏரிக்குள்தான் முதல் தொழில் என்றால்? அப்போது பார்க்க வேண்டியது பாடு. இறாலுக்குச் சுத்து வலை (கழி நட்டுக் கட்டும் வலை) போடும் இடங்களை ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பங்கிடுவதுதான் பாடு முறை. நடுக்குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இதில் பழைய உரிமை கொண்டவை. உரிமை ஆளுக்கல்ல, தலைக்கட்டுக்கு (ஊர் வரி கொடுக்கும் குடும்பத்துக்கு). நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. பாடு முறைக்கு வெளியே நிற்கும் ஊர்களுக்கு இதில் மனக்குறை உண்டு, அதுவும் நியாயமானதுதான். ஆனால் உங்கள் முறை இல்லாத நாளில் கழி நட்டால், பேச்சு பஞ்சாயத்தில்தான் முடியும். சேற்றில் கையால் தடவி இறால் எடுப்பவர்கள் இருக்கும் இடத்திலும் வலையை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்குப் படகு கிடையாது, வேறு இடமும் கிடையாது.

உயிர்காப்பு மிதவை உடை அவசியமா, எனக்குத்தான் நீச்சல் தெரியுமே? 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களிடம் மிதவை உடை இல்லை. நீச்சல் தெரிந்தவரும் தலையில் படகு அடித்தால் மயங்கித்தான் போவார். முகத்துவாரம் தாண்டும் அந்தச் சில நிமிடமாவது எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் பதிந்து வையுங்கள். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

காகிதங்களையும் எடுத்து வைக்க வேண்டுமா? வேண்டும். படகின் பதிவுச் சான்று, மீனவர் அட்டை இரண்டும் இல்லாமல் வரி நீக்கிய டீசல் கிடைக்காது. இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகுக்கு வருடத்துக்கு 4,400 லிட்டர் வரை அது உண்டு. விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் இருக்கிறது, அதற்கான பிரீமியத்தை அரசே கட்டுகிறது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். படகில் ஏறும் கூலிக்காரர், மச்சான், தம்பி எல்லோருடைய பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாகக் காசு. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ஐஸில் மிச்சம் பிடித்தால் ஏலத்தில் இழப்பீர்கள். படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் ஆளுக்கும் எத்தனை பங்கு, செலவு எதில் கழிப்பது என்பதைக் கரையிலேயே பேசி முடியுங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் புறப்பட வேண்டும் என்றால், எத்தனை நாள் அவருக்கே மீன் போட வேண்டும், ஏல விலையிலிருந்து எவ்வளவு குறைப்பார் என்பதைப் பணத்தைக் கையில் வாங்கும் முன்பே கேட்டு, பங்குக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.