‘நான்’ இல்லையென்றால் சாவது யார்?

பிறந்ததிலிருந்து இறக்கும்வரை மாறாமல் தொடர்கிற ‘நான்’ என்று தனியாக எதுவும் இல்லை. 1984இல் வெளியான தம் பெரிய நூலில் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் வந்து சேர்ந்த முடிவு இது. உடல் இருக்கிறது. நினைவுகளும் விருப்பங்களும் எண்ணங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. இவற்றுக்கு அப்பால் இவற்றின் உரிமையாளர் என்று யாரும் இல்லை. புத்தர் இதை ஒப்புக்கொண்டிருப்பார் என்றும் அவர் எழுதினார். இந்த முடிவு அவரை வருத்தவில்லை. மாறாக, பெரிய விடுதலையாக உணர்ந்தார். தம் சாவுகூட முன்போல் அச்சுறுத்தவில்லை என்றார்.

தர்க்கம் பழுதில்லாமல்தான் இருக்கிறது. இல்லாத ஒன்று எப்படிச் சாகும்? ஆனால் அந்தத் தர்க்கம் மனத்துக்குள் இறங்கி வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்கத் தத்துவவாதி ஷான் நிக்கோல்ஸும், திபெத்திய பௌத்தத்தில் ஆழ்ந்த புலமை கொண்ட ஜே கார்ஃபீல்டும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடிச் சென்றது திபெத்தியத் துறவிகளை. ஆன்மா இல்லை என்ற கொள்கையை ஆண்டுக்கணக்கில் பாடமாகப் படித்து, மடாலய முற்றத்தில் கைதட்டி வாதிட்டு, கேள்விமேல் கேள்வியாக அதை அலசியவர்கள் அவர்கள். அவர்களுடைய விடைகளை இந்துக்கள், அமெரிக்கர்கள், இல்லறத்தில் இருக்கும் திபெத்திய, பூட்டானிய பௌத்தர்கள் ஆகியோரின் விடைகளோடு ஒப்பிட்டார்கள்.

முடிவுகள் 2018இல் வெளியாயின. ‘இன்றைய நானும் நாளைய நானும் ஒன்றல்ல’ என்று மிக உறுதியாகச் சொன்னவர்கள் துறவிகள்தான். சாவைப் பற்றி மிக அதிகமாக அஞ்சியவர்களும் அவர்கள்தான். உன் ஆயுளில் சிறு பகுதியை விட்டுக்கொடுத்தால் இன்னொருவர் அதைவிட நீண்ட காலம் வாழ்வார், சம்மதமா என்ற கேள்விக்கும் மற்ற எல்லாரையும்விடத் துறவிகளே அதிகம் தயங்கினார்கள். ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விடை இது.

இதை வைத்துத் துறவிகளைக் குறை சொல்வது எளிது. எனக்கோ அவர்களுடைய நேர்மைதான் முதலில் கண்ணில் படுகிறது. தங்கள் மதம் என்ன விடையை எதிர்பார்க்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த விடையைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாததால்தான் நமக்கு அரிய உண்மை ஒன்று கிடைத்திருக்கிறது.

பௌத்த மரபுக்கு இந்த முடிவு அதிர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ‘நான்’ என்ற பற்றை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, கொள்கையாலும் கல்வியாலும் வந்து ஒட்டியது. இன்னொன்று, எந்தக் கொள்கையும் அறியாத குழந்தையிடமும் இருப்பது. முன்னது வாதத்துக்கு மசியும். பின்னதை வாதம் தொடுவதே இல்லை. சைவ சித்தாந்தமும் தன் வழியில் இதை அறிந்திருந்தது. செம்பில் களிம்புபோல ஆணவம் உயிரோடு கூடவே இருக்கிறது என்றது அது. எப்போது வந்தது என்று சொல்ல முடியாத அழுக்கு. வாதம் தொடாததைத் தொட வேண்டியது தியானம். ஆனால் ஆய்வில் பங்கேற்ற துறவிகளில் பெரும்பாலோர் நெடுங்காலத் தியானப் பயிற்சியாளர்கள் அல்லர். திபெத்திய மடாலயத்தில் துறவி என்றாலே தியானம் என்பது வெளியாட்களின் கற்பனை. அங்கே படிப்பும் வாதமும் சடங்குமே நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

மூளையைப் பார்த்தாலும் ‘நான்’ ஒரே இடத்தில் குடியிருப்பதாகத் தெரியவில்லை. 2002இல் சுவிட்சர்லாந்தின் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் வலிப்பு நோயாளி ஒருவரின் வலது மூளைப் புறணியில், பக்கவாட்டுப் பகுதி ஒன்றை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். அந்தப் பெண் கட்டிலுக்கு மேலே மிதந்தபடி, கீழே படுத்திருக்கும் தம் உடலைப் பார்ப்பதாகச் சொன்னார். ‘இந்த உடலுக்குள் இருக்கிறேன்’ என்ற எளிய உணர்வைக்கூட மூளை நொடிக்கு நொடி கட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரிந்தது. ‘நான் இன்னாருடைய மகன், எனக்கு நேற்று இது நடந்தது, நாளை அது நடக்கும்’ என்று கதை சொல்லும் வேலையில் இன்னொரு வலைப்பின்னல் ஈடுபடுகிறது. நாம் சும்மா இருக்கும்போதுதான் அது மிகச் சுறுசுறுப்பாக இயங்கும். ‘ஆன்மா இல்லை’ என்ற கொள்கை இந்தக் கதைக்குள் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. கதைக்கு அடியில் இருப்பவை அதனால் அசைவதில்லை.

எவ்வளவு அடியில் என்பதை இஸ்ரேலைச் சேர்ந்த யாயிர் தோர்-சீதர்மன் குழுவினர் 2019இல் காட்டினார்கள். திரையில் முகங்கள் அடுத்தடுத்து வரும். மேலே ஒரு சொல் இருக்கும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்து, திடீரென்று வேறு முகம் வந்தால் மூளையில் வியப்பின் சிறு அலை எழும். அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்திருந்ததற்கு அந்த அலைதான் சாட்சி. ஆனால் பங்கேற்பவரின் சொந்த முகமும் சாவைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து வந்தபோது அந்த அலை எழவில்லை. அந்நியர் முகத்தோடு சாவைச் சேர்த்துப் பார்க்க மூளைக்குத் தடையில்லை. தன் முகத்தோடு சேர்க்க மறுக்கிறது. எண்ணமாக உருவெடுப்பதற்கு முன்பே, நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிகிற மறுப்பு இது. எந்த வாதமும் அங்கே எட்டிப் பார்க்க முடியாது.

மதுரையில் 1896இல் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் செய்த காரியத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. நல்ல உடல்நலத்தோடு இருந்த வேங்கடராமனை, சிறிய தகப்பனார் வீட்டு மாடியறையில் மரண பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. கீழே படுத்துக் கை கால்களை விறைப்பாக நீட்டி, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடிப் பிணம்போலக் கிடந்தான். இந்த உடல் போய்விட்டது, ‘நான்’ போய்விட்டேனா என்று உள்ளே தேடினான். அதன்பின் சாவுபயம் தம்மிடம் திரும்பவே இல்லை என்று ரமண மகரிஷியாகப் பிற்காலத்தில் சொன்னார்.

ரமணர் கண்டது அழியாத ஒரு ‘நான்’. புத்தர் சொன்னது அப்படி எதுவுமே இல்லை என்று. கொள்கையில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் சுடுகாட்டில் அழுகும் உடலைப் பார்த்து ‘என் உடலும் இத்தன்மையதே’ என்று சிந்திக்கும்படி பௌத்தமும் தன் பயிற்சியாளர்களைப் பணித்தது. தன் முகத்தையும் சாவையும் ஒருசேரப் பார்க்கவைப்பதுதான் இரண்டின் வேலையும். மூளை மறுக்கும் அதே இணைப்பு.

தோர்-சீதர்மன் குழுவினர் பின்னர் நெடுங்காலத் தியானிகளை அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். அவர்களுடைய மூளையில் அந்த மறுப்பைக் காணவில்லை. சாவோடு தன் முகத்தைச் சேர்த்து ஏற்றுக்கொண்டதற்கான அறிகுறியே தெரிந்தது. தியானத்தில் ‘நான்’ கரைந்துபோன அனுபவத்தை இனிமையாக உணர்ந்தவர்களிடம் அந்த அறிகுறிக்கும் அனுபவத்துக்கும் தொடர்பு இருந்தது.

எல்லாப் பயிற்சியும் ‘நானை’ இளக்கிவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஜெர்மனியில் யோகா பயிலும் 93 பேரை 15 வாரம் கவனித்த யோக்கன் கெபாவர் குழுவினர், பயிற்சி செய்த கையோடு அவர்களிடம் சுயபெருமிதம் கூடியதையே கண்டார்கள். தியானம் செய்தவர்களிடமும் அப்படித்தான். யோகா வகுப்பின் சில வாரங்களும் பல்லாண்டுத் தியானமும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சிக்கலான இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சாவை ஏற்கும் இயல்பு முதலிலேயே உள்ளவர்கள்தான் பல்லாண்டுகள் தியானத்தில் தாக்குப்பிடிக்கிறார்களோ? ஒரே காலத்தில் இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வு இதற்கு விடை சொல்லாது. தியானத்தில் இன்றுதான் உட்காரும் ஒருவரின் மூளையை இன்றும், அதன்பின் பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் கழித்தும் அதே முகங்களோடும் அதே சொற்களோடும் சோதித்துப் பார்க்க வேண்டும்.