ஆற்றல் குமிழின் ஒழுகலாறு

கணினியின் உடலில் அமைந்து, விரலின் அழுத்தத்தை ஏற்று, அக்கணினி ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு மாறவேண்டும் என்னும் மாந்தரின் விருப்பத்தை அதற்கு உணர்த்தும் உறுப்பே ஆற்றல் குமிழ்; கடைத்தெருவில் பவர் பட்டன் என வழங்குவதும் இதுவே. மின்னோட்டத்தை நேரே இணைப்பதும் துண்டிப்பதும் சுவரில் உள்ள ஆளியின் தொழில். விருப்பத்தைத் தெரிவித்துவிட்டு விலகி நிற்பதே குமிழின் தொழில். இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தின் பழக்கம் இன்னும் நம் விரல்களை விட்டு முற்றும் நீங்கவில்லை.

குமிழின் ஒழுக்கத்தை வகுக்குமுன் கணினியின் நிலைகளை வகுத்தல் வேண்டும். எல்லா உறுப்புகளும் இயங்கும் நிலை விழிப்பு. மையச் செயலகம் ஓய்ந்து, திரை இருண்டு, நினைவகம் மட்டும் சிறிதளவு மின்னை உண்டு தன் உள்ளடக்கத்தைக் காத்துநிற்கும் நிலை உறக்கம். நினைவகத்தில் உள்ளவை யாவும் வன்தட்டில் படியெடுக்கப்பட்டு, அதன்பின் நினைவகமும் மின்னிழக்கும் நிலை ஆழ்துயில். இயங்குதளம் தன் பணிகளை முடித்து விடைபெற்றபின், குமிழின் அழைப்புக்குச் செவிசாய்ப்பதற்கென ஒரு சிறு மின்னோட்டம் மட்டும் எஞ்சியிருக்கும் நிலை மென்னிறுத்தம். சுவராளியை அணைத்தோ கம்பியைக் கழற்றியோ மின் சிறிதும் புகாதபடி செய்த நிலை முற்றிறுத்தம். நிலைகள் ஐந்து, குமிழோ ஒன்று; அவ்வொன்றைக் கொண்டு இவற்றை ஆள்வது எங்ஙனம் என்பதே நம் ஆராய்ச்சி.

1990களின் நடுப்பகுதிவரை விற்பனையான மேசைக்கணினிகளின் முகப்பில் இருந்தது உண்மையில் ஆளியே. அதை அழுத்திய நொடியில், எழுதிக்கொண்டிருந்த கோப்பு எந்நிலையில் இருந்தாலும், மின் அறுந்தது. 1995இல் வந்த விண்டோசு இயங்குதளம் தன் பணிகளை முடித்துக்கொண்டபின், இனிக் கணினியை அணைக்கலாம் என்று கருந்திரையில் செம்மஞ்சள் எழுத்தால் அறிவித்துவிட்டுக் காத்திருந்ததை அக்காலத்தார் அறிவர். பொறிக்குத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் வழி இல்லாமையே அதற்கு ஏது. அதே 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு, மின்வழங்கியை இயக்கவும் நிறுத்தவும் தாய்ப்பலகையினின்று ஒரு குறிகைக் கம்பியை இழுத்தது. கணினி ஓய்ந்திருக்கும்போதும் 5 வோல்ட்டுக் காத்திருப்பு மின் தாய்ப்பலகைக்கு வந்துகொண்டிருக்கச் செய்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் கூடி வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் நெறிநூல், மேலே கூறிய நிலைகளுக்கு வரம்பு கட்டி, அவற்றினிடையே கணினியை நடத்தும் பொறுப்பை இயங்குதளத்தின் கையில் கொடுத்தது. அன்றுமுதல் குமிழ் ஆளி அன்று.

இன்றைய குமிழை அழுத்தும்போது நிகழ்வதைப் பார்ப்போம். உள்ளே இரண்டு தொடுமுனைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அவை ஒரே தொடுதலில் ஒன்றிவிடுவதில்லை. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் பலமுறை துள்ளித் துள்ளியே அமைகின்றன. அத்துள்ளல்களை எண்ணினால் ஓர் அழுத்தம் பத்து அழுத்தமாகத் தோன்றும். ஆதலின் தாய்ப்பலகையின் சுற்று துள்ளல் அடங்கும்வரை பொறுத்திருந்து, பின்னரே அழுத்தம் நிகழ்ந்தது என்று கொள்கிறது. அச்செய்தி இயங்குதளத்தை அடைகிறது. இயங்குதளம் திறந்துள்ள செயலிகளுக்கு அறிவிக்கிறது. நினைவகத்தில் தேங்கி நிற்கும் எழுத்துகளைத் தட்டில் இறக்குகிறது. கோப்பு முறைமையை முறைப்படி மூடுகிறது. இவையெல்லாம் முடிந்தபின்னரே மின்வழங்கிக்கு நிறுத்தக் குறிகை செல்கிறது.

இத்துணை ஒழுங்கு எதற்கு எனின், கணினி தான் எழுதிவிட்டதாகச் சொல்வதை உடனே எழுதுவதில்லை. விரைவின் பொருட்டு, எழுதவேண்டியவற்றை நினைவகத்தில் சேர்த்துவைத்து, உரிய பொழுதில் தொகுத்து எழுதுகிறது. இடையே மின் அறுந்தால், கோப்பின் அட்டவணை ஒன்று கூறவும் தட்டின் உள்ளடக்கம் மற்றொன்று கூறவும் நேரும். செய்யப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைக்கும் கோப்பு முறைமைகள் இக்கேட்டைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் அவை காப்பது கோப்புகளின் அடுக்கையே, இன்னும் தட்டில் இறங்காத உங்கள் கடைசிப் பத்தியை அன்று. மின்வழங்கியின் தேக்கிகள் காக்கும் என்று நம்புதலும் வீண். முழுச் சுமையில் அவை தாங்குவது ஒரு நொடியின் ஆயிரத்தில் 16 அல்லது 17 பங்கு. நம் நாட்டு மின்னோட்டம் ஒருமுறை அலைந்து மீளும் காலமே ஆயிரத்தில் 20 பங்கு.

எனினும், வேண்டுகோளைக் கேட்க வேண்டிய இயங்குதளமே உறைந்துபோனால் என் செய்வது? மயங்கிக் கிடப்பவரிடம் ஒப்புதல் கேட்க இயலாது. இதற்காகவே நெறிநூல் நான்கு நொடி என்னும் எல்லையை வகுத்தது: அதற்கு மேல் அழுத்திப் பிடித்தால், இயங்குதளத்தைக் கேளாமலே வன்பொருள் மின்னை நிறுத்தும். தவறுதலாகப் படும் விரல் அவ்வளவு நேரம் நிலைக்காது. இடரில் நிற்பவர்க்கு அது பொறுக்கக்கூடிய நேரமே. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் செய்யும் கொதிகலன்களிலும் இவ்விரு நெறிகள் உண்டு. உலையில் எஞ்சிய எரிவளியைக் காற்றால் வெளியேற்றி முடிக்கும்வரை, பற்றவைக்கும் ஆணையைக் கட்டுப்பாட்டுப் பொறி ஏற்பதில்லை. ஆனால் எரிபொருளை உடனே அறுக்கும் இடர்க்குமிழுக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. தொடங்குவதற்கு வரிசை வேண்டும். இடரில் அறுப்பதற்கு வரிசை வேண்டா. கணினிக் குமிழும் இம்முறைக்கு உட்பட்டதே.

குமிழ்களின் வரிசையொழுக்கத்துக்கு இந்நாட்டில் காணத்தக்க சிறந்த சான்று, திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ரங்கராசனின் பங்கால் உருவானது. சுஜாதா என்னும் புனைபெயரால் தமிழுலகு அறிந்த அவர், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராய் இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவுப் பொறியின் ஆக்கத்தில் முதன்மையான பங்கேற்றார். அப்பொறியில் அலுவலர் தம் குமிழை ஒருமுறை அழுத்தினால் ஒரு வாக்கே பதியும். அலுவலரின் அடுத்த அழுத்தம்வரை வாக்காளர் எத்தனை முறை அழுத்தினும் பொறி கொள்ளாது. முடிப்புக் குமிழை அழுத்தியபின் புதிய வாக்கு ஏறாது. முடிப்பை அழுத்தாமல் முடிவைக் காட்டாது. முடிவைக் காட்டாமல் பதிவை அழிக்காது. மின்கலத்தால் இயங்கும் அப்பொறியை அணைத்தாலும் பதிந்த வாக்குகள் அழிவதில்லை. 1982இல் கேரளத்துப் பறவூரில் முதன்முதலாக இயங்கி, 2004 பொதுத்தேர்தலில் நாடு முழுதும் பரவிய அப்பொறியின் ஒழுங்கில், அணைத்தல் வேறு, அழித்தல் வேறு. மேசைக்கணினியையும் அதன் மென்பொருளையும் ஆக்குவோர் இதனைப் பாடமாகக் கொண்டிருக்கலாம்.

கொண்டிலர் என்பதற்குச் சான்று, குமிழின் சிற்றழுத்தத்துக்கு அவர்கள் வைக்கும் முன்னிருப்பு. லினக்சுக் கணினிகளில் பரவலாக உள்ள குனோம் திரைச்சூழல் அதற்கு உறக்கத்தை வைத்துள்ளது. மின் அறாத நாட்டில் இது நன்று. விழிப்பு ஓரிரு நொடியில் மீளும். காவிரிக்கரையிலோ நிலைமை வேறு. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்தடை நிலவிய 2012ஆம் ஆண்டை இப்பகுதியார் மறந்திலர். இன்றும் கோடைக்காற்று ஒருமுறை வீசினால் மின் நின்றுவிடும் தெருக்கள் உண்டு. உறக்கத்தில் இருக்கும் மேசைக்கணினியின் நினைவகம் அம்மின்னையே நம்பியிருப்பது. மின் அறுந்தால் உள்ளடக்கம் முழுதும் போகும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளைப் போன்றவற்றுக்கு உள்ளேயே மின்கலம் உண்டு. அவற்றுக்கு உறக்கம் பொருந்தும். மேசைக்கணினிக்குப் பொருந்துவன மென்னிறுத்தமும், ஆழ்துயிலும், நினைவகத்தைத் தட்டில் படியெடுத்துவிட்டுப் பின் உறங்கும் கலப்புறக்கமுமே ஆகும்.

குமிழின் இடமும் குறியும் பற்றிச் சில சொற்கள். நிமிர்ந்த கோடு இயக்கத்தையும் வட்டம் நிறுத்தத்தையும் குறிக்கும். திறந்த வட்டத்தின் வாயில் கோடு நுழைவதுபோன்ற குறி முன்னர் காத்திருப்பைக் குறித்தது. 2004இல் ஐ.இ.இ.இ. 1621 என்னும் தரநெறி அதனை ஆற்றலின் பொதுக்குறியாக்கி, உறக்கத்துக்குப் பிறைநிலவை ஒதுக்கியது; இது நல்ல பகுப்பு. இடத்தைப் பொறுத்தவரை ஆக்குவோர் இன்னும் தடுமாறுகின்றனர். மடிக்கணினிகள் பலவற்றில் குமிழ் விசைப்பலகையின் மூலையில், அழிப்பு விசையை ஒட்டி அமர்ந்துள்ளது. 2024இல் வந்த மேக் மினி என்னும் மேசைக்கணினியில் அது கணினியின் அடிப்புறத்துக்கே போய்விட்டது. முன்னது தவறுதலை அழைக்கிறது. பின்னது தேவையை அலைக்கழிக்கிறது. இரண்டும் குறையே.

ஆகவே, சுவர்மின்னை மட்டும் நம்பி மேசைக்கணினி வைத்திருப்போர், இயங்குதளத்தின் ஆற்றல் அமைப்புகளைத் திறந்து, குமிழின் சிற்றழுத்தத்துக்கு எது வைக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பார்க்க. உறக்கம் என்றிருந்தால், நிறுத்தம் என்றோ ஆழ்துயில் என்றோ மாற்றிவைக்க. நான்கு நொடி அழுத்தத்தை, பொறி உண்மையாகவே உறைந்த பொழுதுக்கு மட்டும் விட்டுவைக்க.