அன்பியக் கூட்டத்தில் யார் பேசுவது?

கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்து வீடுகளை ஒன்றுசேர்த்து அமைக்கும் சிறு குழுவுக்கு அன்பியம் என்று பெயர். உறுப்பினர் ஒருவர் வீட்டில் மாலையில் கூடுவார்கள். கூடம் போதாவிட்டால் வாசலிலும் சந்திலும் நாற்காலி போடுவார்கள். அங்கே விவிலியத்தை வாசித்து, தங்கள் மனதில் பட்டதைச் சொல்பவர்கள் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களே. திருச்சபை வழக்கில் அவர்கள் பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாதவர்கள்.

திருப்பலியில் நற்செய்திக்குப் பின் வரும் மறையுரை குருவுக்கோ திருத்தொண்டருக்கோ மட்டுமே உரியது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் விதி. அதற்கு முந்தைய விதியோ, தேவை இருக்கும் சூழலில் பொதுநிலையினரும் ஆலயத்தில் போதிக்கலாம் என்று வழிவிடுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) இதற்கு அடித்தளமிட்டது. திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் கிறிஸ்துவின் பணியில் பங்குண்டு என்று அது அறிவித்தது. 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு சமூகங்களின் கூட்டுறவாக வளர வேண்டும் என்றார்கள். தமிழகத்தில் அன்பியம் பரவலாக வேர்விட்டதும் அதையொட்டிய ஆண்டுகளில்தான்.

அன்பியம் வருவதற்கு வெகு முன்பே, வடசென்னைக்குப் பொதுநிலையினரின் முன்முயற்சி புதிதல்ல. இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பியவர்கள் படகோட்டிகளான குருகுல வம்ச மக்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்த்த உழைப்பின் பணம் அந்தச் சுவர்களில் இருக்கிறது. கட்டடம் கட்டிய மக்களுக்கு வேதத்தைப் பற்றிப் பேசும் இடம் கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆனது.

அன்பியத்தில் பேசுவதற்கு ஒரு முறையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவான ‘ஏழு படி’ முறையே பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. முதலில் ஆண்டவரை அழைத்து ஒரு மன்றாட்டு, பிறகு வாசகம். அடுத்து, மனதைத் தொட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் செபம்போல உரக்கச் சொல்கிறார்கள். விளக்கம் கூடாது. சிறிது நேர மௌனத்துக்குப் பிறகுதான் பகிர்வு. அப்போதும் ‘எனக்கு’ என்று தொடங்க வேண்டும், ‘நீங்கள்’ என்று அல்ல. ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்துவதில்லை, வாதமும் இல்லை. படிப்பறிவு குறைந்த பாட்டியும் கல்லூரி ஆசிரியரும் ஒரே பாயில் சமமாக உட்கார முடிவது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

லூக்கா 5ஆம் அதிகாரம் வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டில் வாசிக்கப்படும்போது இந்த முறையின் பயன் துலங்குகிறது. இரவு முழுக்க மீன் படாமல் கரையில் வலை அலசிக்கொண்டிருக்கும் சீமோனை இயேசு மீண்டும் ஆழத்துக்குப் போகச் சொல்கிறார். வலையை அலசத் தொடங்கினால் அன்றைய தொழில் முடிந்தது என்று பொருள். மறுபடி இறங்கினால் அலசிய வலை மீண்டும் அழுக்காகும், தூக்கமில்லாத உடம்பு மீண்டும் வலிக்கும். டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கி வெறுங்கையோடு திரும்பியவருக்கு, சீமோன் சரி என்றது எவ்வளவு பெரிய காரியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இதே பகுதியை வாசித்தால் வேறொரு கனம் ஏறும். எந்த உரைநூலும் தராத வெளிச்சம் இது. தொழில் தெரிந்தவர் வாய்திறந்தால்தான் கிடைக்கும்.

ஆறாம் படி, இனி என்ன செய்வது என்ற கேள்வி. பல கூட்டங்கள் இதை அவசரமாகக் கடந்துவிடுகின்றன. அது பெரிய இழப்பு. நோயாளியைப் பார்ப்பது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவுவது போன்றவை இங்கேதான் முடிவாகின்றன. எண்ணூர்ப் பக்கத்தில் அந்தக் கேள்வி இன்னும் விரிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிய, மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். படைப்பைப் பேணுவது பற்றிய வசனத்தை அந்த ஊரில் வாசித்துவிட்டு, காற்றையும் ஆற்றையும் பேசாமல் எழுந்துபோக முடியாது.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஆலையிலும் துறைமுகத்திலும் ஷிப்டில் இருக்கும் ஆண்கள் வருவது அரிது. கூட்டத்தைத் தாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பேச்சுவன்மை உள்ள ஒருவரே நேரத்தை எடுத்துக்கொள்வதும், பகிர்வு அடுத்த வீட்டுக் கதையாக மாறுவதும் நடக்கும். ஒழுங்குபடுத்துபவருக்குப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

சீர்திருத்தச் சபைகளில் வழி வேறு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) இணைந்த மெதடிஸ்டு மரபு, குருப்பட்டம் பெறாதவர்களின் பிரசங்கத்தை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏற்றது. பெந்தெகொஸ்தே சபைகளில் ஆராதனைக்குள்ளேயே சாட்சி சொல்ல நேரம் உண்டு. சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் புனித வெள்ளியன்று மூன்று மணி நேரம், சிலுவையில் இயேசு மொழிந்த ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாகத் தியானிப்பார்கள். அந்த எழுவரில் பள்ளி ஆசிரியையும் வங்கி ஊழியரும் வாலிபர் சங்கத்து இளைஞரும் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது.