கடைக் கண்ணாடியில் பண்டிகை ஓவியம்

ஓவியம் என்றவுடன் நம் மனம் சித்தன்னவாசலுக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் சென்றுவிடுகிறது. ஆயிரம் ஆண்டு நிலைத்த வண்ணங்களைப் போற்றுவது முறையே. ஆயினும், சில நாள் மட்டுமே வாழ்ந்து, பின்னர் ஈரத்துணியால் துடைக்கப்படுவதற்கென்றே பிறக்கும் ஓவியமும் உண்டு. பண்டிகை நாட்களில் கடைகளின் கண்ணாடி முகப்பில் தீட்டப்படும் படங்களையே குறிப்பிடுகிறேன். அவை எவ்வாறு எழுதப்படுகின்றன, அவற்றுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

மேடவாக்கம் கூட்டுச்சாலையை உங்களிற் பலர் அறிவீர்கள். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் சாலையோடு சோழிங்கநல்லூர்ச் சாலையும் மாம்பாக்கம் சாலையும் வந்து கூடும் இடம் அது. ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர், தென்சென்னையில் கணினித் தொழில் வளர்ந்தபின் பெரிய கடைத்தெரு ஆகிவிட்டது. பழைய நாளில் கடைக்குப் பலகைக் கதவுதான். எண்ணிட்ட பலகைகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்துவார்கள். அதன்பின் இரும்பு ஷட்டர் வந்தது. அதற்கும் பின் கண்ணாடி வந்தது. பலகைக்கும் ஷட்டருக்கும் ஆயுதபூசையன்று திருநீற்றுப் பட்டையும், சந்தனமும், குங்குமமும் போதும். வாசலில் கோலம், மேலே, உருட்டிய விழியும் கோரைப்பல்லுமாக முகம் எழுதிய பூசணிக்காய். கண்ணாடி வந்தபோதோ, ஓவியனுக்கு ஓர் அகன்ற திரையே கிடைத்துவிட்டது. பொங்கலுக்குப் பானையும் கரும்பும் மஞ்சட்கொத்தும் அதில் ஏறின. கிறிஸ்துமஸுக்கு, மேடவாக்கத்தில் என்றும் பெய்யாத பனியும் பெய்தது! இப்பனியைக் கண்டு நகைப்பவர் உண்டு. பண்டிகைக்கு உரிய கற்பனையில் வானிலைக் கணக்குப் பார்ப்பது எனக்கு உடன்பாடன்று.

இனிச் செய்முறையைப் பார்ப்போம். சுவரில் நுண்துளைகள் உண்டு. நீரில் கரைத்த வண்ணத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிக்குத் துளையில்லை. விரல் பட்ட எண்ணெய்ப்பசை சிறிதிருந்தாலும் வண்ணநீர் முத்துமுத்தாகத் திரண்டு வழிந்துவிடும். ஆகவே முதல் வேலை, கண்ணாடியை நன்கு கழுவிப் பசை போக்குவது. பிறகு வண்ணத்தூளைச் சிறிது கோந்துநீரில் குழைத்து, அதில் இரண்டொரு துளி சோப்புக் கரைசலும் சேர்க்கவேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. அதனால் வண்ணம் திரளாமல் பரவுகிறது. பௌதிக வகுப்பில் கேட்ட பாடம் இங்கே தூரிகை முனையில் நிற்கிறது. எண்ணெய் வண்ணம் பூசினால் உறுதியாக ஒட்டும். ஆனால் பண்டிகை முடிந்தபின் சுரண்டி எடுக்கவேண்டும். எனவே கரையும் வண்ணமே இதற்குத் தக்கது.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் எழுதுவதா, உட்புறத்தில் எழுதுவதா? இதற்கு விடை சொல்வது நம் பருவமழை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரையில் நீடிக்கும். தீபாவளியும் கிறிஸ்துமஸும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கின்றன; ஆயுதபூசை அதன் வாயிலிலேயே நிற்கிறது. வெளியே எழுதினால் ஒரே சாரலில் எல்லாம் கரைந்தோடும். பொங்கலின்போது மட்டும் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அப்போதும், குளிரூட்டிய கடையாயின் கண்ணாடியின் வெளிமுகத்தில் ஈரம் படியக்கூடும். ஆகையால் உள்ளிருந்து எழுதுவதே பாதுகாப்பு.

உள்ளிருந்து எழுதினால் வெளியிலிருப்பவருக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரியும். படத்துக்கு இதனால் பெருங்கேடில்லை, எழுத்துக்குத்தான் சோதனை. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் 26இல் 11, கண்ணாடியில் மாறினாலும் உருமாறாதவை. நம் எழுத்துக்களிலோ பகரமும் ஆய்தமும் போன்ற மிகச் சிலவே அவ்வாறு நிற்கும். ‘பொங்கல்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் ஓவியன் தன் வலக்கைப் பக்கம் தொடங்கி இடப்பக்கமாகச் செல்லவேண்டும். கொம்பு பகரத்துக்கு வலப்புறம் வரும். கால் இடப்புறம் வரும். ஙகரமும் ககரமும் லகரமும் முகம் திருப்பிக்கொள்ளும். புள்ளி மட்டுமே தலைமேல் அசையாதிருக்கும். நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியர் இதனை மாணவர்க்கு விளையாட்டாகப் பயிற்றுவார். கணக்கில் முந்தும் பையன்கள் இதில் திணறுவதும், கடைசி வரிசைப் பையன் ஒருவன் தடையின்றி எழுதி முடிப்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்த காட்சிகள்.

எழுத்தோடு முடிந்ததா? வண்ணம் பூசும் வரிசையும் தலைகீழாகும். தாளிலோ சுவரிலோ முதலில் பின்புலம், பிறகு உருவம், இறுதியில் கண்ணும் நகையும். உள்ளிருந்து எழுதும் கண்ணாடியிலோ முதலில் வைப்பதே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முன்னால் நிற்கும். ஆதலின் காளையின் கருவிழியும் கொம்பின் சலங்கையும் முதலில்; உடல் அடுத்து; வானமும் வயலும் கடைசியில். ஒருமுறை உடலைப் பூசிவிட்டால் மறந்த விழியை மீண்டும் வைக்க வழியில்லை. இம்முறை நமக்குப் புதிதன்று. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியங்கள் இவ்வாறுதான் ஆக்கப்பட்டன. கண்ணாடியின் பின்புறம் தீட்டும் இக்கலை 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கடல்வழியே இந்தியாவுக்கு வந்து, தஞ்சையில் தமிழ்க்கோலம் பூண்டது. நிலைத்திருக்கவேண்டிய அப்படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினார்கள். கடைத்தெரு ஓவியன் அதே வரிசையைச் சில நாட்களுக்காகக் கையாளுகிறான்.

அவனுக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 2000க்குப் பின், பிளெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் பதாகை எங்கும் பரவியது. ஓவியனுக்கு அரைநாள் பிடிக்கும் வேலையை அச்சுப்பொறி சில நிமிடங்களில் முடிக்கிறது. எத்தனை படி வேண்டினும் தருகிறது. கடைக்காரர் அதை நாடியதில் வியப்பில்லை. பெயர்ப்பலகையும் திரைப்படப் பதாகையும் எழுதிப் பிழைத்த பலர் தூரிகையைக் கீழே வைத்தனர். 2009-10இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளை நீக்கி ஓவியம் தீட்டச் செய்தபோது, அவர்களுட் சிலருக்குச் சிறிது காலம் வேலை கிடைத்தது.

பதாகையின் தீமை பிழைப்போடு நிற்கவில்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. அனுமதியற்ற பதாகைகளுக்கு எதிராக நீதிமன்றமும் பன்முறை ஆணையிட்டது. இருந்தும், 2019 செப்டம்பர் 12ஆம் நாள், மேடவாக்கத்துக்கு அடுத்த பள்ளிக்கரணையில், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையின் நடுத்தடுப்பில் ஒரு திருமணத்துக்காக நிறுத்தப்பட்ட பதாகை, ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர்மீது சரிந்தது. நிலைகுலைந்து வீழ்ந்த அவர்மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவர் உயிர் இழந்தார். மகிழ்ச்சியை அறிவிப்பதற்காக நட்ட பொருள் அது. கண்ணாடியில் எழுதிய கரும்பு யார்மீதும் விழாது. சாலையில் ஓரடி இடத்தையும் பிடிக்காது. கடைக்காரரின் கொண்டாட்டம் கடைக்காரரின் எல்லைக்குள்ளேயே அடங்கி, வழிப்போக்கருக்கும் இன்பம் தருவதை நான் நாகரிகம் என்பேன்.

அமெரிக்காவில் ஹாலோவீன் இரவில் சிறுவர்கள் கடைக் கண்ணாடிகளில் சோப்பால் கிறுக்கிவிட்டு ஓடுவது வழக்கமாயிருந்தது. பல சிற்றூர்களில் வணிகர்கள் அவர்களைத் துரத்திக் களைத்தபின், வண்ணத்தையும் தூரிகையையும் அச்சிறுவர் கையிலேயே கொடுத்து, கண்ணாடி ஓவியப் போட்டி வைத்தனர். கிறுக்கிய கைகளே படம் எழுதின! இதுபோன்ற போட்டி நம் ஊர்களுக்கும் பொருந்தும். போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கு ஒரு கண்ணாடி என்று கூட்டுச்சாலைக் கடைக்காரர்கள் ஒதுக்கினால், செலவு மிகச் சிறிதே. தூரிகை பிடித்துப் பழகிய மூத்த ஓவியர் ஒருவரை ஊதியம் தந்து அழைத்து, அருகில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கை நடுங்காமல் கோடு இழுக்கும் வித்தையை நூலிற் படித்து அறிய முடியாது. நுனியில் துணி சுற்றிய கோலொன்றை இடக்கையால் கண்ணாடியில் ஊன்றி, வலக்கையை அதன்மீது தாங்கவைத்து அவர் எழுதும் முறையை உற்றுப் பாருங்கள்.

காணும் பொங்கல் கழிந்த மறுநாள் ஒரு வாளி நீரும் இரண்டு துணியும் கொண்டுசெல்லுங்கள். மேலிருந்து கீழாகத் துடைக்கவேண்டும். கீழிருந்து தொடங்கினால் வழியும் வண்ணம் துடைத்த இடத்தை மீண்டும் கறைப்படுத்தும். கடைசியாக வைத்த வானம் முதலிற் கரையும். முதலில் வைத்த காளையின் கண் கடைசியிற் போகும்.