மலக்குழியிலிருந்து உயிரோடு மீண்டவருக்கு என்ன உரிமை?

மலக்குழி மரணங்கள் செய்தியாகின்றன. அதே குழியிலிருந்து நுரையீரல் பழுதாகியோ முதுகெலும்பு முறிந்தோ மீட்கப்படுபவர், ‘மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்’ என்ற கடைசி வரியோடு மறைந்துவிடுகிறார். அவரது கட்டிலருகே ஒப்பந்ததாரரின் ஆள் சில ஆயிரம் ரூபாயோடும், ‘இனி எக்கோரிக்கையும் இல்லை’ என்றெழுதிய தாளோடும் வந்து நிற்பதுண்டு.

அந்தத் தாள் செல்லாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த உடன்படிக்கையையும் 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் ஏற்கவில்லை. அச்சட்டத்தின் நெறிகள் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் பெரும்பாலும் தொடர்கின்றன. எனவே, கையொப்பமிட்டுவிட்டார் என்பதற்காக எவரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை.

‘அவர் எங்கள் ஊழியரல்லர்’ என்று உள்ளாட்சி அமைப்பு கைகழுவவும் முடியாது. வேலையை ஒப்பந்தத்திற்கு விட்டிருந்தாலும் முதன்மை வேலையளிப்பவரே இழப்பீட்டை வழங்கிவிட்டு, பின்னர் ஒப்பந்ததாரரிடம் அதை வசூலித்துக்கொள்ளலாம். ‘குடித்திருந்தார்’ என்ற வழக்கமான பழியும், மரணத்திலோ முழுமையான நிரந்தர ஊனத்திலோ எடுபடாது. மாத ஊதியம் 15,000 ரூபாய், வயது 30 எனில், முழு நிரந்தர ஊனத்திற்கான கணக்கு இது: ஊதியத்தில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை, அவ்வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும். கிடைப்பது 18,71,820 ரூபாய். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர் ஊனப் பயனை அங்கிருந்தே பெறுவார். இந்த இழப்பீட்டையும் சேர்த்துக் கோர இயலாது.

பாதாளச் சாக்கடையில் பாதிக்கப்பட்டோருக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வாயிலையும் திறந்தது. பல்ராம் சிங் வழக்கில் மரணத்திற்கு 30 லட்சம், பொருளீட்ட இயலாமல் முடக்கும் நிரந்தர ஊனத்திற்குக் குறைந்தது 20 லட்சம், பிற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என அது ஆணையிட்டது. முதல் தொகை பரவலாகத் தெரிந்த அளவுக்கு மற்ற இரண்டும் தெரியவில்லை. அவை கேட்கப்படாமலே போவதற்கு நம் இயக்கங்களின் கவனக்குறைவும் ஒரு காரணம்.

கால வரம்புகளில் எச்சரிக்கை தேவை. இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு. ஆனால், பாதுகாப்புக் கருவிகளின்றிக் குழிக்குள் இறக்கியவர்மீது 2013 சட்டத்தின்கீழ் குற்ற வழக்கு தொடர வேண்டுமெனில், மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். சிகிச்சை முடியட்டும் என்று காத்திருப்போர் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் முதல் வரி. காயமுற்றவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் ஒப்பந்ததாரரின் ஆளாகவே இருந்தால், ‘தவறி விழுந்தார்’ என்பதோடு அவ்வரி முடிந்துவிடக்கூடும். யார் ஏவி, எந்தக் குழிக்குள், என்ன வேலைக்காக இறங்கினார் என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதியச் செய்து, அன்றே நகல் கேளுங்கள்.